கன்டெய்னர் செயலிகளுக்கான கிளவுட் கட்டமைப்பைத் தானியக்கமாக்குவது: வரிசைப்படி முழு வழிகாட்டி

கன்டெய்னரில் (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாக அடைத்த பொதியில்) ஓடும் செயலிகளுக்குக் கட்டமைப்பை அமைக்கும் இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் ஒரே காரணம்தான் கண்ணில் படும். ஒரே பொருளை இரண்டு பேர் ஆள்கிறார்கள். கிளவுட் கட்டமைப்பை நிரலாக எழுத உதவும் டெராஃபார்ம் கருவியின் கோடு (நிரல்) ஒன்று சொல்லும். யாரோ கன்சோலில் (கிளவுடின் இணையத் திரையில்) போய் வேறொன்றைச் செய்திருப்பார்கள். கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் கணினிக் கூட்டத்தில்) என்ன ஓட வேண்டும் என்று சொல்லும் யாமல் கோப்பில் மூன்று பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) என்று இருக்கும். சுமைக்கேற்ப எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலர் அதை எட்டாக்கியிருக்கும். அடுத்த முறை கோடு ஓடும்போது இரண்டும் மோதிக்கொள்ளும்.

ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே போவோம்: இதை ஆள்வது யார்? பதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு டெராஃபார்ம், ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) தரும் இகேஎஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் மென்பொருளின் சேவை) கிளஸ்டர், யாமல் கோப்புகளில் உள்ளதைக் கிளஸ்டரில் நிறைவேற்றும் ஆர்கோ சிடி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். டெராஃபார்முக்குப் பதில் ஓபன்டோஃபு, இகேஎஸ்ஸுக்குப் பதில் கூகுள் கிளவுட் அல்லது அஷூர் என்று மாற்றினாலும் படிகளின் வரிசை மாறாது. கட்டளைகளும் பெயர்களும்தான் மாறும்.

## 1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

சோதனைக்கு ஒன்று, உண்மையான பயனர்களுக்கு ஒன்று என இரண்டு தனித்தனிக் கிளவுட் கணக்குகள் வேண்டும். ஒரே கணக்குக்குள் பெயரை மட்டும் மாற்றி இரண்டையும் வைத்தால், அனுமதிகளைப் பிரிப்பது கடைசிவரை தலைவலிதான். கணக்கே வேறாக இருந்தால், சோதனையில் தவறாக அழித்த எதுவும் உண்மையான அமைப்பைத் தொடாது.

இரண்டு கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியங்கள் வேண்டும். ஒன்றில் டெராஃபார்ம் கோடு, இன்னொன்றில் கிளஸ்டருக்குள் ஓட வேண்டியவற்றின் யாமல் கோப்புகள். செயலியின் மூலக்கோடு இவை இரண்டிலும் சேராமல் தனியாக இருக்கட்டும். காரணம் 7-ஆம் படியில் வரும்.

கணக்கில் செலவு எச்சரிக்கையை முதல் நாளே வைத்துவிடுங்கள். கிளஸ்டரின் கட்டுப்பாட்டுப் பகுதி, நேட் கேட்வே (உள்ளிருந்து இணையத்துக்குப் போகும் வாசல்), லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைப் பகிர்ந்து அனுப்புவது) மூன்றுக்கும் போக்குவரத்தே இல்லாவிட்டாலும் மணிக்கணக்கில் பணம் ஓடிக்கொண்டிருக்கும். சோதித்துவிட்டு மறந்துபோனவர்களுக்கு மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

கடைசியாக, செயலியே கன்டெய்னரில் ஓடத் தகுதியாக இருக்க வேண்டும். உள்ளூர் வட்டில் கோப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு, அமைப்புகளைக் கோடுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் செயலியை எந்தக் கட்டமைப்பும் காப்பாற்றாது. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

## 2. ஸ்டேட் கோப்புக்கு ஓர் இடம்

டெராஃபார்ம் தான் உருவாக்கிய ஒவ்வொன்றையும் ஸ்டேட் கோப்பில் குறித்து வைக்கிறது. அந்தக் கோப்பு தொலைந்தால், கிளவுடில் பொருள்கள் இருக்கும். டெராஃபார்முக்கோ அவை இருப்பதே தெரியாது. திரும்ப ஓட்டினால் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கப் பார்க்கும்.

எனவே மற்ற எதையும் தொடும் முன், ஸ்டேட்டுக்கு என்று ஓர் எஸ்3 பக்கெட்டை (ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பிடத்தை) உருவாக்குங்கள். அதில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வெர்ஷனிங், குறியாக்கம், பொது அணுகலுக்கு முழுத் தடை மூன்றும் இருக்கட்டும். ஸ்டேட் கெட்டுப்போனால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப வெர்ஷனிங் ஒன்றுதான் வழி.

இந்தப் பக்கெட்டையே டெராஃபார்மால் உருவாக்க வேண்டுமே, அதன் ஸ்டேட் எங்கே போகும் என்று பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். முதலில் உள்ளூர் ஸ்டேட்டோடு பக்கெட்டை உருவாக்குங்கள். அப்புறம் ஸ்டேட் எங்கே இருக்கும் என்று சொல்லும் பேக்எண்ட் பகுதியைக் கோடில் சேர்த்து, இனிட் கட்டளையை மைக்ரேட்-ஸ்டேட் விருப்பத்தோடு ஓட்டினால் ஸ்டேட் பக்கெட்டுக்குள் இடம் மாறிவிடும்.

பூட்டையும் சேர்த்தே அமையுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அப்ளை (கோடில் உள்ளதைக் கிளவுடில் நிறைவேற்றும் கட்டளை) செய்தால் ஸ்டேட் சிதைந்துவிடும். டெராஃபார்ம் 1.10-இலிருந்து எஸ்3 பேக்எண்டுக்குள்ளேயே பூட்டுக் கோப்பு வசதி வந்துவிட்டது. பழைய வழிகாட்டிகளில் இதற்காக ஒரு டைனமோடிபி (ஏடபிள்யூஎஸ்ஸின் தரவுத்தளம்) அட்டவணை இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது தேவையில்லை.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. ஸ்டேட் கோப்பை கிட்டில் போடுவது முதலாவது. தரவுத்தளக் கடவுச்சொல் போன்றவை அதில் மறைக்கப்படாமல் அப்படியே இருக்கும், ஆகவே அது ஒருபோதும் கிட்டுக்குள் போகக்கூடாது. இன்னொன்று இதற்கு நேர் எதிரானது: டெராஃபார்மைக் கிளவுடோடு பேச வைக்கும் புரொவைடர்களின் பதிப்பைக் குறித்து வைக்கும் லாக் கோப்பையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். அது கட்டாயம் கிட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கணினியில் ஒரு புரொவைடர் பதிப்பும் பைப்லைனில் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் அமைப்பில்) வேறொரு பதிப்பும் ஓடும்.

## 3. அடுக்குகளாகப் பிரிப்பது

எல்லாவற்றையும் ஒரே டெராஃபார்ம் கோப்புறையில் எழுதத் தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு டேக்கை (பெயர்ச்சீட்டை) மாற்றுவதற்கும் நெட்வொர்க், தரவுத்தளம், கிளஸ்டர் அனைத்தையும் பிளான் (என்ன மாறும் என்று முன்பே காட்டும் கட்டளை) சரிபார்க்கும். நேரமும் போகும், ஒரு தவறான வரி எதை வேண்டுமானாலும் இடிக்கும் ஆபத்தும் இருக்கும்.

எவ்வளவு அடிக்கடி மாறும் என்பதை வைத்துப் பிரியுங்கள். நான்கு அடுக்குகள் பெரும்பாலான குழுக்களுக்குப் போதும்:

- அடித்தளம்: நெட்வொர்க், டிஎன்எஸ் (இணையப் பெயர்) மண்டலம், இமேஜ் (கன்டெய்னரின் மூலப் பொதி) களஞ்சியம்
- தரவு: தரவுத்தளம், கோப்புச் சேமிப்பு
- கிளஸ்டர்: இகேஎஸ், அதன் நோட் (கிளஸ்டரில் உள்ள கணினி) குழுக்கள், ஐஏஎம் பாத்திரங்கள் (ஏடபிள்யூஎஸ் அனுமதித் தொகுப்புகள்)
- தொடக்கம்: ஆர்கோ சிடியை நிறுவி, அதன் மூல அப்ளிகேஷனை உருவாக்குவது மட்டும்

ஒவ்வோர் அடுக்குக்கும் தனி ஸ்டேட். மேலடுக்கு கீழடுக்கின் வெளியீடுகளைப் படிக்கலாம். கீழடுக்கு மேலடுக்கை எதற்கும் நம்பியிருக்கக் கூடாது.

கிளஸ்டரையும் அதற்குள் போகும் பொருள்களையும் ஒரே ஸ்டேட்டில் வைக்காமல் இருப்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. குபெர்னெட்டிஸ் புரொவைடருக்குக் கிளஸ்டரின் முகவரி வேண்டும், அந்தக் கிளஸ்டரோ இன்னும் உருவாகவில்லை. முதல் அப்ளை எப்படியோ தப்பித்துவிடும். பின்னொரு நாள் கிளஸ்டரையே மாற்றி உருவாக்க வேண்டிய மாற்றம் வரும்போது, புரொவைடர் முகவரி தெரியாமல் விழிக்கும். பிழைச் செய்தியைப் பார்த்தால் காரணம் புரியாது, அதனாலேயே இதில் நாள் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தரவு அடுக்கில் இரட்டைப் பாதுகாப்பு வேண்டும். டெராஃபார்மின் பிரிவென்ட்-டெஸ்ட்ராய் அமைப்பு, கோடில் அந்தப் பகுதி இருக்கும்வரைதான் காக்கும். யாராவது பகுதியையே நீக்கிவிட்டால் அதன் பாதுகாப்பும் கூடவே போய்விடும். ஆகவே தரவுத்தளத்திலேயே உள்ள நீக்கல் தடையையும் போடுங்கள்.

சோதனை, உண்மை என்ற சூழல்களுக்குத் தனித்தனிக் கோப்புறைகள் வைப்பதே என் பரிந்துரை. டெராஃபார்மின் வொர்க்ஸ்பேஸ் வசதி பார்க்கச் சுருக்கமாக இருக்கும். ஆனால் எந்த வொர்க்ஸ்பேஸில் நிற்கிறோம் என்பது கோடில் தெரியாது, கவனம் சிதறிய ஒரு நொடியில் தவறான இடத்தில் அப்ளை ஆகிவிடும். கோப்புறையாக இருந்தால் பாதையிலேயே பெயர் தெரியும்.

சிறு குறிப்பு ஒன்று. ஒரே மாதிரிப் பொருள்கள் பலவற்றை உருவாக்கும்போது கவுண்ட் பயன்படுத்தாமல் ஃபார்-ஈச் பயன்படுத்துங்கள். கவுண்டில் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்தான் அடையாளம். பட்டியலின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்தால் பின்னால் வருபவை எல்லாம் எண் மாறி, அழிந்து மீண்டும் உருவாகும்.

## 4. பைப்லைன் இப்போதே

பெரும்பாலானவர்கள் பைப்லைனைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். எல்லாம் ஓடட்டும், பிறகு தானியக்கமாக்கலாம் என்ற எண்ணம். அதற்குள் ஒவ்வொருவர் கணினியிலும் நிர்வாகி அனுமதி கொண்ட சாவி குடியேறியிருக்கும். அதைத் திரும்ப வாங்குவது கஷ்டம். நெட்வொர்க்கைக் கட்டும் முன்பே பைப்லைனைக் கட்டுங்கள்.

சாவிகளைப் பைப்லைனுக்குள் சேமிக்க வேண்டாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் போன்றவை ஓஐடிசி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை மூலம் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் குறுகிய காலச் சான்றைப் பெற முடியும். நிரந்தரச் சாவி இல்லையென்றால் அது கசியவும் வழியில்லை. ஆனால் ஐஏஎம் பாத்திரத்தின் நம்பிக்கை விதியில் எந்தக் களஞ்சியம், எந்தக் கிளை என்று துல்லியமாக எழுதுங்கள். அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு அகலமாகத் திறந்துவிட்டால், அதற்குள் அடங்கும் வேறு களஞ்சியங்களும் உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும்.

ஓட்டம் இப்படி இருக்கட்டும்:

1. மாற்றக் கோரிக்கை திறந்ததும் பிளான் மட்டும் ஓடும். அதற்கு, படிக்க மட்டும் அனுமதியுள்ள பாத்திரம்.
2. பிளானின் முடிவு கோரிக்கையிலேயே தெரியும். இன்னொருவர் அதைப் படித்து ஒப்புதல் தருவார்.
3. முதன்மைக் கிளையில் இணைந்ததும் பிளான் மீண்டும் ஓடி ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். அப்ளை அந்தக் கோப்பை மட்டுமே நிறைவேற்றும். அதற்கு எழுதும் அனுமதியுள்ள வேறொரு பாத்திரம்.

சேமித்த பிளானை நிறைவேற்றுவதற்குக் காரணம் எளிது. பிளான் காட்டியதும் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் ஸ்டேட் மாறியிருந்தால் பிளான் பழையதாகிவிட்டது என்று டெராஃபார்மே மறுத்துவிடும். சேமித்த பிளான் கோப்பிலும் ரகசியங்கள் இருக்கக்கூடும், ஆகவே யாரும் பதிவிறக்கும்படி திறந்து வைக்காதீர்கள்.

பிளானைப் படிக்கிறவர் முதலில் தேட வேண்டியது, எத்தனை பொருள்கள் அழியும் என்ற எண்ணிக்கை. "அழித்து மீண்டும் உருவாக்கும்" என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் தெரியாமல் ஒப்புதல் தரக்கூடாது. பெயரை அழகாக மாற்றியதற்காக ஒரு தரவுத்தளமே புதிதாக உருவாகத் தயாராக நிற்கும். கோடுக்குள் மட்டும் பெயரை மாற்ற மூவ்ட் பகுதி இருக்கிறது; அதைப் பயன்படுத்தினால் எதுவும் அழியாது.

அப்ளை ஓடும்போது பைப்லைனை நடுவில் நிறுத்தாதீர்கள். பூட்டு அப்படியே நிற்கும், பாதி உருவான பொருள்கள் ஸ்டேட்டில் இல்லாமலும் போகலாம். ஃபோர்ஸ்-அன்லாக் கட்டளை இருக்கிறதுதான். உண்மையிலேயே வேறு யாரும் ஓட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே அதைத் தொடுங்கள்.

## 5. நெட்வொர்க்கும் ஐபி கணக்கும்

கட்டிய பிறகு மாற்றுவதற்கு மிகக் கடினமான அடுக்கு இதுதான். அதனால் இங்கே நிதானம் வேண்டும்.

இகேஎஸ்ஸின் வழக்கமான நெட்வொர்க் முறையில் ஒவ்வொரு பாட்டும் விபிசியிலிருந்தே (கணக்கின் தனி நெட்வொர்க்கிலிருந்தே) ஓர் ஐபி முகவரியை எடுத்துக்கொள்கிறது. நோட்களை மட்டும் எண்ணிச் சிறிய சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு துண்டு) வைத்தவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். /24 சப்நெட்டில் 256 முகவரிகள். அதில் 5-ஐ ஏடபிள்யூஎஸ் தனக்கென வைத்துக்கொள்ளும், மீதி 251. பதிப்பு மாற்றத்தின்போது பழைய பாட்டும் புதிய பாட்டும் சேர்ந்து ஓடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். முகவரி தீர்ந்துவிட்டால் பாட் உருவாகும் நிலையிலேயே தொங்கி நிற்கும். பார்க்கிறவர்கள் இமேஜில் கோளாறு என்று நினைத்து அங்கே தேடிக்கொண்டிருப்பார்கள்.

விபிசிக்கு 10.20.0.0/16 போல ஒரு /16 எடுத்து, தனியார் சப்நெட்டுகளுக்கு /19 அல்லது /20 கொடுப்பது வசதி (எண் சிறிதானால் வரம்பு பெரிது). இகேஎஸ்ஸுக்குக் குறைந்தது இரண்டு அவைலபிலிட்டி ஸோன்களில் (தனித்தனித் தரவு மையப் பகுதிகளில்) சப்நெட் தேவை. மூன்றாக வைத்தால் ஒன்று விழுந்தாலும் மூச்சுவிட இடமிருக்கும்.

சோதனைக்கும் உண்மைக்கும் ஒரே முகவரி வரம்பைக் கொடுக்காதீர்கள். பின்னாளில் இரண்டையும் இணைக்க நேர்ந்தால், ஒன்றின்மேல் ஒன்று விழும் வரம்புகளைப் பியரிங் ஏற்காது.

பொதுச் சப்நெட்டுகளில் லோட் பேலன்சரும் நேட் கேட்வேயும் மட்டும், நோட்கள் எல்லாம் தனியார் சப்நெட்டில். வெளி லோட் பேலன்சருக்கு எது, உள் லோட் பேலன்சருக்கு எது என்று சொல்லும் டேக்குகளைச் சப்நெட்டுகளில் இப்போதே ஒட்டிவிடுங்கள். அவற்றை வைத்துத்தான் லோட் பேலன்சர் கன்ட்ரோலர் தனக்கான சப்நெட்டைக் கண்டுபிடிக்கிறது.

## 6. கிளஸ்டர், நோட், இமேஜ்

கிளஸ்டரை உருவாக்குகிற ஐஏஎம் அடையாளத்துக்கு, இயல்பாகவே அதற்குள் நிர்வாகி உரிமை கிடைக்கிறது. இப்போது உருவாக்குவது பைப்லைன். அதனால் உங்களால் உள்ளே பார்க்கவே முடியாது. கேட்டால் அனுமதி இல்லை என்று வரும். யார் யாருக்கு என்ன உரிமை என்பதை ஆக்சஸ் என்ட்ரிகளாக டெராஃபார்ம் கோடிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். மனிதர்களுக்குப் படிக்கும் உரிமை இருந்தால் அன்றாடத்துக்குப் போதும்.

நோட்டின் அளவைத் தேர்வு செய்யும்போது நினைவகத்தை மட்டும் பார்க்காதீர்கள். நோட்டுடன் இணையக்கூடிய நெட்வொர்க் இடைமுகங்களின் எண்ணிக்கை, பாட்களுக்கும் உச்ச வரம்பு போடுகிறது. எம்5.லார்ஜ் வகையில் வழக்கமான அமைப்பில் 29 பாட்கள், டி3.மீடியம் வகையில் 17. அதில் ஒரு பங்கைக் கண்காணிப்பு, நெட்வொர்க், டிஎன்எஸ் பாட்களே எடுத்துக்கொள்ளும். சின்ன நோட்கள் மலிவு என்று வாங்கினால், பாதி இடம் இவற்றுக்கே போய்விடும்.

நோட்களின் எண்ணிக்கையை ஆள்வது ஆட்டோஸ்கேலர். டெராஃபார்மில் தொடக்க எண் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த மதிப்பில் வரும் மாற்றத்தைக் கண்டுகொள்ளாதே என்று இக்னோர்-சேஞ்சஸில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நெரிசல் நேரத்தில் பத்தாக வளர்ந்திருக்கும் நோட்களை, சம்பந்தமே இல்லாத ஓர் அப்ளை மூன்றாக்கிவிடும்.

இமேஜ்களுக்கு லேட்டஸ்ட் என்ற டேக் வேண்டாம். எந்தக் கோடு ஓடுகிறது என்று சொல்ல முடியாது, பின்வாங்குவதற்கும் இடமிருக்காது. கிட் கமிட்டின் (பதிவு செய்த மாற்றத்தின்) அடையாளத்தையே டேக்காக வையுங்கள். இமேஜ் களஞ்சியத்தில் டேக்கை மாற்ற முடியாத அமைப்பையும் இயக்குங்கள்.

பழைய இமேஜ்களைத் தானாக நீக்கும் விதியை வைக்கும்போது கவனம். வயதை மட்டும் பார்த்து நீக்கினால், பல மாதங்களாக மாறாமல் ஓடும் செயலியின் இமேஜும் போய்விடும். ஓடும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. புது நோட் வந்து இமேஜைக் கேட்கும்போதுதான் தெரியும்.

"எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்று கன்டெய்னர் உடனே விழுந்தால், பெரும்பாலும் ஏஆர்எம் கணினியில் கட்டிய இமேஜை இன்டெல் வகை நோட்டில் ஓட்டுகிறீர்கள். இமேஜைப் பைப்லைனில் மட்டுமே கட்டினால் இந்தக் குழப்பம் வராது.

## 7. கிளஸ்டருக்குள் போவதை கிட்டிடம் ஒப்படைப்பது

தொடக்க அடுக்கு இரண்டே வேலை செய்யட்டும்: ஆர்கோ சிடியை நிறுவுவது, யாமல் களஞ்சியத்தைக் காட்டும் ஒரே ஒரு மூல அப்ளிகேஷனை உருவாக்குவது. மற்ற எல்லாம் அந்த மூலத்திலிருந்து கிளைக்கும். டெராஃபார்மின் ஆட்சி இந்த இடத்தோடு முடிகிறது.

செயலிக் கோடும் யாமலும் தனித்தனிக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்றேனே, அதன் காரணம் இங்கே. புது இமேஜ் கட்டியதும் பைப்லைன், யாமலில் டேக்கை மாற்றி ஒரு கமிட் போடும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் அந்தக் கமிட் மறுபடி இமேஜைக் கட்டத் தூண்டும், சுற்று நிற்காது. எப்போது எது வெளியானது என்ற வரலாறும் கோடு மாற்றங்களோடு கலந்து படிக்க முடியாமல் போகும்.

தானியங்கி ஒத்திசைவு, செல்ஃப்-ஹீல் (கிளஸ்டரில் கையால் செய்த மாற்றத்தைத் திருப்புவது), புரூன் மூன்றையும் ஒரே நாளில் இயக்காதீர்கள். முதலில் கையால் ஒத்திசைத்து, ஆர்கோ காட்டும் வேறுபாடுகளைப் படித்துப் பழகுங்கள். அப்புறம் முதல் இரண்டு. கிட்டில் இல்லாததைக் கிளஸ்டரிலிருந்து நீக்கும் புரூன் கடைசியில். கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றும்போது பாதை தவறினால், அந்தச் செயலியை நீக்கச் சொன்னதாகவே புரூன் எடுத்துக்கொள்ளும்.

வரிசையும் முக்கியம். புதுவகைப் பொருள்களை வரையறுக்கும் சிஆர்டிகள் முதலில், அவற்றை ஆளும் கன்ட்ரோலர்கள் அடுத்து, செயலிகள் அதற்குப் பின். ஆர்கோவின் சிங்க்-வேவ் எண்களால் இதைக் கட்டுப்படுத்தலாம்.

பின்வாங்க வேண்டுமானால் கிட்டில் ரிவர்ட் செய்யுங்கள். தானியங்கி ஒத்திசைவு இயங்கும்போது ஆர்கோ திரையிலிருந்து பழைய பதிப்புக்குப் போக விடாது. அது சரிதான், விட்டிருந்தால் கிட் ஒன்றும் கிளஸ்டர் வேறொன்றுமாக நிற்கும்.

## 8. ஒவ்வொரு செயலியின் யாமலிலும் பார்க்க வேண்டியவை

வளக் கோரிக்கை. பாட்டை எந்த நோட்டில் வைப்பது என்று ஷெட்யூலர் முடிவு செய்வது ரிக்வெஸ்ட் மதிப்பை வைத்துத்தான். உண்மையில் எவ்வளவு பயன்படுகிறது என்று அது பார்ப்பதில்லை. எழுதாமல் விட்டால் எல்லாம் ஒரே நோட்டில் குவியலாம். நினைவக வரம்பைத் தாண்டினால் கன்டெய்னர் 137 என்ற குறியீட்டோடு கொல்லப்படும். சிபியு வரம்பைத் தாண்டினால் கொல்லப்படாது, மெதுவாகும். காரணம் தெரியாத மந்தத்துக்கு முதலில் இதைப் பாருங்கள்.

பாட் எண்ணிக்கை. ஹெச்பிஏ (பாட்களுக்கான ஆட்டோஸ்கேலர்) இருந்தால் டெப்ளாய்மென்ட் யாமலிலிருந்து ரெப்ளிக்காஸ் வரியை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கையை ஆள்வது ஹெச்பிஏ. வரி இருந்தால் ஆர்கோ ஒரு பக்கம் இழுக்கும், ஹெச்பிஏ மறுபக்கம் இழுக்கும். சிபியு சதவீதத்தை வைத்து இயங்கும் ஹெச்பிஏவுக்கு, பயன்பாட்டை அளந்து சொல்லும் மெட்ரிக்ஸ் சர்வரும் சிபியு ரிக்வெஸ்ட்டும் வேண்டும்; அவை இல்லாவிட்டால் சதவீதம் கணக்கிட வழியில்லாமல் சும்மா நிற்கும்.

புரோப்கள் (செயலி நலமா என்று பார்க்கும் சோதனைகள்). ரெடினஸ் தவறினால் பாட்டுக்குப் போக்குவரத்து நிற்கும். லைவ்னஸ் தவறினால் கன்டெய்னர் மறுதொடக்கம் ஆகும். லைவ்னஸ் சோதனைக்குள் தரவுத்தளத்தைத் தொடவே கூடாது. தரவுத்தளம் ஒரு நிமிடம் திணறினால் எல்லாப் பாட்களும் ஒன்றாக மறுதொடக்கமாகி, திரும்பி வரும்போது அத்தனை இணைப்புகளையும் ஒரே நேரத்தில் கேட்டு அதை இன்னும் அமுக்கும்.

நிற்கும் விதம். பாட்டை நிறுத்தும்போது முதலில் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சைகை) வரும். இயல்பாக 30 நொடிக்குள் முடியாவிட்டால் சிக்கில் (உடனே கொல்லும் சைகை). டாக்கர்ஃபைலில் (இமேஜைக் கட்டும் கோப்பில்) தொடக்கக் கட்டளையை ஷெல் வடிவில் எழுதியிருந்தால், சிக்டெர்ம் ஷெல்லோடு நின்று செயலிக்குப் போகாமல் போகலாம். ஒவ்வொரு வெளியீட்டிலும் சில கோரிக்கைகள் அறுபடுகின்றன என்றால் இதைச் சோதியுங்கள். லோட் பேலன்சர் பட்டியலிலிருந்து பாட் விலகச் சில நொடிகள் ஆகும் என்பதால், நிற்கும் முன் ஓடும் பிரீஸ்டாப்பில் சிறு காத்திருப்பும் வையுங்கள்.

இடையூறு வரம்பு. நோட்டைக் காலி செய்யும்போது குறைந்தது எத்தனை பாட் ஓட வேண்டும் என்பதை பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் சொல்லும். ஒரே பாட் உள்ள செயலிக்குக் குறைந்தபட்சம் ஒன்று என்று எழுதினால், அந்த நோட் காலியாகவே ஆகாது. மேம்படுத்தல் அங்கேயே நின்றுவிடும்.

## 9. ரகசியங்கள்

குபெர்னெட்டிஸ் சீக்ரெட்டில் இருப்பது பேஸ்64 வடிவம். யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் அதைத் திருப்பிப் படிக்கலாம். ஆகவே அந்த யாமலை கிட்டில் போடக்கூடாது.

ரகசியத்தை ஏடபிள்யூஎஸ் சீக்ரெட்ஸ் மேனேஜரில் வைத்து, எக்ஸ்டர்னல் சீக்ரெட்ஸ் ஆப்பரேட்டர் மூலம் கிளஸ்டருக்குள் கொண்டுவருவது நல்ல வழி. கிட்டில் ரகசியத்தின் பெயர் மட்டும் இருக்கும். பாட்கள் மற்ற கிளவுட் சேவைகளை அணுக, சாவியைக் கொடுக்காமல் பாட் ஐடென்டிட்டி மூலம் ஐஏஎம் பாத்திரத்தைக் கொடுங்கள்.

ரகசியத்தை மாற்றியதும், சூழல் மாறியாகப் படிக்கும் செயலி தானாகப் புதியதை எடுத்துக்கொள்ளாது. பாட் மறுதொடக்கமானால்தான் உண்டு. அதற்கும் ஒரு தானியங்கி ஏற்பாடு இருக்கட்டும்.

## 10. விலகலைக் கண்டுபிடிப்பது

கிட்டில் எழுதியதிலிருந்து கிளஸ்டருக்குள் நடக்கும் விலகலை ஆர்கோ பார்த்துக்கொள்ளும். வெளியே நடப்பதைக் காண, தினம் ஒருமுறை ஒவ்வோர் அடுக்குக்கும் பிளானை டீடெய்ல்டு-எக்ஸிட்கோடு விருப்பத்தோடு ஓட்டுங்கள். 0 என்றால் மாற்றமில்லை, 1 என்றால் பிழை, 2 என்றால் கோடும் கிளவுடும் ஒத்துப்போகவில்லை. 2 வந்தால் குழுவுக்குச் செய்தி போகட்டும். தானாக அப்ளை ஆக வேண்டாம். நள்ளிரவில் ஒருவர் அவசரத்துக்குத் திறந்த ஃபயர்வால் விதியை, காரணம் தெரியாமல் கருவி மூடிவிட்டால் சேவை மறுபடி விழும்.

அவசரத்தில் கன்சோலைத் தொடுவது தவிர்க்க முடியாததுதான். மறுநாளே அந்த மாற்றம் கோடுக்குள் வர வேண்டும், இல்லையேல் நீக்கப்பட வேண்டும். கையால் உருவாக்கிய பொருளை இம்போர்ட் பகுதி மூலம் ஸ்டேட்டுக்குள் கொண்டுவரலாம்.

## 11. பதிப்பு மேம்படுத்தல்

குபெர்னெட்டிஸ் ஆண்டுக்குச் சுமார் மூன்று பதிப்புகள் வெளியிடுகிறது. இகேஎஸ்ஸில் ஒரு பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 14 மாதங்கள்; அதற்குப் பின் 12 மாத நீட்டிப்புக்குக் கட்டணம் பல மடங்கு கூடும். கிளஸ்டரைக் கட்டிய அன்றே அடுத்த மேம்படுத்தலுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பதிப்புதான் ஏற முடியும். வரிசை இது: நீக்கப்படவிருக்கும் ஏபிஐ வடிவங்களை யாமலிலிருந்து அகற்றுவது, கன்ட்ரோலர்கள் புதிய பதிப்போடு பொருந்துமா என்று பார்ப்பது, கட்டுப்பாட்டுப் பகுதியை ஏற்றுவது, துணை நிரல்கள், கடைசியில் நோட்கள். நோட்கள் கட்டுப்பாட்டுப் பகுதியைவிடப் பின்தங்கி இருக்கலாம், முந்தக் கூடாது; அதனால்தான் இந்த வரிசை. உதாரணமாக, குபெர்னெட்டிஸ் 1.25 பதிப்பில் பாட் செக்யூரிட்டி பாலிசி முழுவதுமாக நீக்கப்பட்டது. அதைப் பார்க்காமல் ஏற்றியிருந்தால் அதைச் சார்ந்த யாமல்கள் எதுவும் ஏற்கப்பட்டிருக்காது.

## 12. சோதனைச் சூழலை அழித்துத் திரும்பக் கட்டுவது

எல்லாம் ஓடத் தொடங்கியதும் சோதனைக் கணக்கில் முழுவதையும் அழித்து, கோடிலிருந்து மட்டும் திரும்பக் கட்டுங்கள். இதைச் செய்யாத குழுவுக்குத் தன் தானியக்கம் முழுமையா என்று தெரியாது.

அழிக்கும் வரிசை, கட்டிய வரிசைக்கு நேர் எதிர். முதலில் ஆர்கோ வழியாகச் செயலிகளை நீக்குங்கள். லோட் பேலன்சர்களும் வட்டுகளும் போய்விட்டனவா என்று பாருங்கள். அதன் பிறகே கிளஸ்டர் அடுக்கைத் தொடுங்கள். அந்த லோட் பேலன்சர்களை உருவாக்கியது குபெர்னெட்டிஸ் கன்ட்ரோலர், டெராஃபார்முக்கு அவற்றைத் தெரியாது. கிளஸ்டரை முதலில் அழித்தால் அவற்றை நீக்க ஆளிருக்காது. அவை சப்நெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், விபிசியை அழிக்கும் கட்டளை நீண்ட நேரம் காத்திருந்து தோல்வியடையும். கார்பென்டர் போன்ற ஆட்டோஸ்கேலர் உருவாக்கிய நோட்களுக்கும் இதே கதைதான்.

திரும்பக் கட்டும்போது இரண்டு தடைகள் வரும். சீக்ரெட்ஸ் மேனேஜரில் நீக்கிய ரகசியம் உடனே போகாது. இயல்பாக 30 நாள் மீட்புக் காலத்தில் இருக்கும், அதே பெயரில் புதிது உருவாக்க விடாது. சோதனைச் சூழலுக்கு மட்டும் அந்தக் காலத்தைப் பூஜ்யமாக்குங்கள். காலியாகாத எஸ்3 பக்கெட்டும் அழிய மறுக்கும். சோதனையில் ஃபோர்ஸ்-டெஸ்ட்ராய் அமைப்பை இயக்கலாம், உண்மைச் சூழலில் கூடாது.

கட்டி முடிக்கும்வரை கையால் செய்ய நேர்ந்த ஒவ்வொன்றையும் எழுதி வைத்து, அதே வாரத்தில் கோடில் சேருங்கள். பெரும்பாலும் டிஎன்எஸ் பதிவு, டிஎல்எஸ் சான்றிதழ் சரிபார்ப்பு, ரகசியங்களின் முதல் மதிப்பு ஆகியவைதான் விடுபட்டிருக்கும். முதல் இரண்டையும் டெராஃபார்மிலேயே எழுதிவிடலாம். ரகசியத்தின் முதல் மதிப்பை யார், எங்கிருந்து இடுவது என்பதை ஒரு பக்கக் குறிப்பாகக் களஞ்சியத்திலேயே வையுங்கள்.